பெங்களூரில் தரகர் இல்லாமல் வீடு விற்கிறீர்களா? எல்லோருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காட்டுங்கள்

பானஸ்வாடியில் இருந்த எங்கள் அடுக்கக வீட்டை விற்க முடிவு செய்தபோது, தரகர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். பெங்களூரில் கைமாறும் வீடுகளுக்குத் தரகர்கள் விற்பவரிடம் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கேட்பது வழக்கம்; வாங்குகிறவரிடம் தனியாக வாங்கிக்கொள்வார்கள். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு வார நிம்மதியைத் தொலைத்தேன்.

இணையத்தில் விளம்பரம் போட்ட மறுநாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. செவ்வாய் மாலை ஏழரைக்கு ஒருவர். வியாழன் காலை அலுவலகம் போகிற வழியில் ஒருவர். சனிக்கிழமை "இதோ ஹெப்பாள் தாண்டிவிட்டோம்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்த ஒரு குடும்பம். ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பெருக்கி, துணி மடித்து, பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டு என் மனைவி வந்து நிற்பார். பத்தொன்பது பேர் வந்தார்கள். பத்தொன்பது பேரும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல "ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்" என்று கிளம்பினார்கள்.

இருபதாவது ஆள் நேரம் கேட்டபோது அலுப்பில், "ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள், அன்றைக்கு எல்லோருக்கும் சேர்த்துக் காட்டுகிறோம்" என்று சொல்லிவிட்டேன். அலுப்பில் சொன்னதுதான் பலித்தது. அமெரிக்காவில் வீடு விற்பவர்கள் வழக்கமாகச் செய்வது இது. ஓப்பன் ஹவுஸ் என்பார்கள். நம் ஊரில் புது அடுக்ககம் கட்டுகிறவர்கள் மாதிரி வீடு வைத்துக் காட்டுவார்களே தவிர, குடியிருக்கும் வீட்டை விற்பவர்கள் இப்படிச் செய்வது அரிது.

இதில் நேரம் மிச்சமாகும் என்பது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. தனியாக வந்து பார்க்கிறவர் வீட்டில் குறை தேடுகிறார். கூடத்தில் இன்னொரு குடும்பம் நின்று அலமாரியை அளந்துகொண்டிருந்தால், அதே மனிதர் தன் கட்டில் எங்கே வரும் என்று பார்க்கத் தொடங்குகிறார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அன்றைக்கு விலை பேசக் கூடாது. காட்டுவது ஒரு நாள், பேசுவது இன்னொரு நாள். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் காகிதம், பிறகு துடைப்பம்

வீட்டைச் சுத்தம் செய்யும் முன் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டாவைத் தேடுவோம். இங்கே எல்லோரும் கேட்பது கத்தா. மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு அது. அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. ஆனால் அது இல்லாமல் எதுவும் நகராது. ஏ கத்தாவா (விதிப்படி அனுமதி பெற்ற சொத்துக்கு), பி கத்தாவா (அனுமதியில் குறை உள்ள சொத்துக்கு) என்பது தொலைபேசியிலேயே வரும் கேள்வி. பி கத்தா என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும் என்பதால், அதை மறைத்து ஒரு கூட்டத்தை வரவழைப்பதில் அர்த்தமில்லை.

2024 அக்டோபரிலிருந்து பெங்களூரில் பத்திரப் பதிவுக்கு இ-கத்தா, அதாவது மின்னணுக் கத்தா, கட்டாயம். இணையத்தில் முதலில் தெரிவது வரைவு மட்டுமே. ஆதார் சரிபார்ப்பு, கிரயப் பத்திர எண், சொத்துவரி எண், மின் இணைப்பு எண், வீட்டின் படம் ஆகியவற்றைக் கொடுத்து இறுதி இ-கத்தாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் பழைய ஒரே மாநகராட்சியான பி.பி.எம்.பி. இருந்த இடத்தில் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் வீடு எதில் சேர்கிறது என்பதையும் பார்த்து வைப்பது நல்லது.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். என் கிரயப் பத்திரத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். மூன்று காகிதத்தில் மூன்று மனிதர்கள்! மூவரும் நானே என்று நிரூபிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. விளம்பரம் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மற்றவை எல்லோரும் அறிந்தவை: மூலப் பத்திரம், உங்கள் கிரயப் பத்திரம், வரி ரசீதுகள், குடியேறலாம் என்று மாநகராட்சி கொடுத்த ஓ.சி., குடியிருப்போர் சங்கத்திடமிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம், வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்திலேயே எடுக்கலாம். பரிவர்த்தனைகள் இருந்தால் படிவம் 15, ஒன்றுமே இல்லை என்றால் படிவம் 16 வரும். வீட்டின்மேல் கடன் இருந்தால் அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். அங்கே என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும், இன்னும் கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடன் இருப்பது குற்றமில்லை. கடைசி வாரத்தில் சொல்வதுதான் குற்றம்.

காட்டும் நாளில் அசல் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. நகல்களின் மேல் குறுக்காகப் பேனாவால் "பார்வைக்கு மட்டும்" என்று எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். புரட்டிப் பார்க்கலாம், கைபேசியில் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உண்மையாக வாங்குகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய வழக்கறிஞருக்குப் பிறகு முழுத் தொகுதியும் தரப் போகிறீர்கள்.

விலையை அச்சடித்து விடுங்கள்

இணையத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. உங்களுக்குத் தேவை, உங்கள் வளாகத்தில் கடைசியாக விற்ற இரண்டு மூன்று வீடுகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பது. சங்கச் செயலாளருக்குத் தெரிந்திருக்கும். காபி கொடுத்தால் சொல்வார். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பனை விலை அதைவிடக் குறைவாக இருந்தாலும், முத்திரைத் தீர்வை அந்த மதிப்பின்மேல்தான் கணக்கிடப்படும்.

வாங்குகிறவரின் தலையில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அதன்மேல் செஸ், கூடுதல் வரி. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆகிவிட்டது. 80 லட்சத்துக்கு எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். அவர் உங்களிடம் பேரம் பேசும்போது இந்த ஆறு லட்சம்தான் அவர் வாய் வழியாகப் பேசும். புரிந்துகொண்டால் எரிச்சல் வராது.

நாங்கள் 82 லட்சம் என்று எழுதினோம். "விலை பேசித் தீர்மானிக்கலாம்" என்ற சொற்களை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டோம். அந்தச் சொற்கள் இருந்தால் அழைக்கிறவர்கள் வீட்டைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, "கடைசி விலை என்ன?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எந்த ஞாயிறு, எந்த நேரம்

கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் பல ஆஷாட மாதத்தில் முன்பணம் தர மாட்டார்கள். நம்மவர்கள் ஆடியில் தர மாட்டார்கள். சந்திரமானக் கணக்கில் வரும் ஆஷாடமும் நம் ஆடியும் பாதி ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், ஏறக்குறைய ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பெங்களூரில் வீடு பார்ப்பார்கள், பணம் எடுக்க மாட்டார்கள். மகாளய பட்சமும் அப்படித்தான். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, வாங்க வருகிறவருடைய மாமியாருக்கு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. ஆகவே காலை 10 முதல் 12 வரை என்று வைத்துக்கொண்டோம். இரண்டு மணி நேரம் போதும். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மறுபடியும் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள். நேரம் குறுகினால்தான் கூட்டம் சேரும். எங்கள் வீடு கிழக்கு வாசல் என்பதால் அந்த நேரத்து வெளிச்சமும் வாகாக இருந்தது. மேற்குப் பக்க பால்கனிதான் உங்கள் வீட்டின் அழகு என்றால் மூன்று மணிக்கு ஆரம்பித்து நாலரைக்குள் முடித்துவிடுங்கள்.

அன்றைக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா, தொட்டி கழுவும் நாளா, லிஃப்ட் பழுதுபார்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்கள் பகுதியில் ஞாயிறு காலை தேவாலய வழிபாடு முடியும்போது தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செப்டம்பர் 8 மாதா திருவிழாவை ஒட்டிய ஞாயிறு என்றால் சிவாஜிநகர் வழியாக வருகிறவர்கள் வந்து சேர்வதே சந்தேகம்.

எப்படி அறிவிப்பது

நாங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"விற்பனைக்கு: பானஸ்வாடியில் 2 படுக்கையறை வீடு. மூன்றாம் மாடி, கிழக்கு வாசல், லிஃப்ட் உண்டு. கார்ப்பெட் பரப்பு 870 சதுர அடி; பொதுப் பரப்பும் சேர்த்து 1,190. கூரையுள்ள கார் நிறுத்துமிடம் ஒன்று. ஏ கத்தா, இ-கத்தா தயார். காவேரி இணைப்பும் ஆழ்துளைக் கிணறும் உண்டு. விலை ரூ. 82 லட்சம். வரும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை நேரில் பார்க்கலாம். வருமுன் அழைக்கவும். உரிமையாளர் நேரடி விற்பனை, தரகர்கள் தவிர்க்கவும்."

கார்ப்பெட் பரப்பை, அதாவது சுவர்களுக்குள் நாம் புழங்கும் இடத்தை, முதலில் எழுதியது வேண்டுமென்றேதான். இங்கே எல்லோரும் பெரிய எண்ணைச் சொல்லி அழைத்து, உள்ளே வந்ததும் "இவ்வளவுதானா?" என்று முகம் சுருங்க வைப்பார்கள். சின்ன எண்ணைப் படித்துவிட்டு வந்தவர், வீடு பெரிதாக இருக்கிறது என்று சொன்னார்.

மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்கள், வளாக வாட்ஸ்அப் குழு, கோயில், தேவாலயத் தெரிந்தவர்கள், பழைய அலுவலக நண்பர்கள் என எல்லா வழியிலும் அனுப்புங்கள். எங்களுக்கு உண்மையாக வாங்கக்கூடியவர்கள் கிடைத்தது கடைசி இரண்டிலிருந்துதான். வாசலில் தொங்கவிட்ட பலகையில் ஆங்கிலத்துக்கு மேலே கன்னடத்தில் "மனெ மாராட்டக்கிதெ" (வீடு விற்பனைக்கு) என்று எழுதினோம். தமிழில் எழுதவில்லை. தமிழர்கள் எப்படியும் பக்கத்து மளிகைக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

விளம்பரத்துக்கென்று தனி சிம் வாங்குங்கள். வீட்டின் கதவு எண்ணை விளம்பரத்தில் போடாதீர்கள். வருவதாக உறுதி சொன்னவருக்கு மட்டும் சனிக்கிழமை மாலை அனுப்புங்கள். தொலைபேசியில் மூன்றே கேள்வி: யார் யார் வருகிறீர்கள்? கடனா, கைப்பணமா, கடன் என்றால் வங்கியில் பேசிவிட்டீர்களா? எப்போது குடிவர வேண்டும்? பதில் சொல்லத் தடுமாறுகிறவரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது பேர் அழைத்தார்கள், பதினாறு பேர் வருவதாகச் சொன்னார்கள், பதினொரு குடும்பம் வந்தது.

சங்கத்துக்கு எழுத்தில் ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். காவலாளியிடம் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். மைகேட் போன்ற செயலி வைத்திருக்கும் வளாகம் என்றால் எல்லோருக்கும் முன்னாலேயே அனுமதி போட்டுவிடலாம். ஆனால் வாசலில் நிற்கும் மனிதருக்குச் சொல்லாமல் செயலியை மட்டும் நம்பினால், கீழே ஆறு கார் ஒலி எழுப்பிக்கொண்டு நிற்கும்.

அந்தச் சுவர்

எங்கள் குளியலறைக்குப் பின்னால் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை ஓர் ஆளைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் அடித்து, சனிக்கிழமை அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டேன். மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற பொறியாளர் என்று பிறகு தெரிந்தது. அறைக்குள் நுழைந்ததும் நின்றார், மூக்கை உறிஞ்சினார். நாற்காலியை நகர்த்தினார். குனிந்து விரல் முட்டியால் சுவரை நாலு இடத்தில் தட்டினார். மூன்று இடத்தில் டக் என்றது, நாலாவது இடத்தில் தொப் என்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நேற்றா, முந்தாநாளா சார்?"

அவர் அதற்குப் பிறகு சமையலறையைப் பார்க்கவில்லை. ஓதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு அவருக்குப் பெரிதில்லை. வேறு எதை மறைத்திருக்கிறேன் என்ற கேள்விதான் அவரைப் படியிறக்கிவிட்டது.

அவர் போனதும் ஒரு தாளில் குறைகளை எழுதி உணவு மேசைமேல் வைத்தேன்: குளியலறைப் பின்சுவரில் ஓதம், இன்ன செலவாகும் என்று ஒருவர் மதிப்பிட்டிருக்கிறார்; பால்கனி வலை ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது, புறா வரும்; இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற வேண்டும். அதன்பின் வந்தவர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டு வீட்டைத் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் அந்தத் தாளைப் பத்து மணிக்கு முன்பே வையுங்கள்.

சின்னப் பழுதுகளைச் சரிசெய்துவிடலாம்: சொட்டும் குழாய், ஆடும் தாழ்ப்பாள், எரியாத விளக்கு. பெரிய பழுதைச் சொல்லிவிடுங்கள். புது வண்ணம் முழு வீட்டுக்கும் அடிப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் அடியுங்கள், இல்லாவிட்டால் அடிக்காதீர்கள்.

வாசனை விஷயத்தில் நம்மவர்கள் அவசரப்படுவோம். கருவாடு வறுக்கக் கூடாது என்பது யாருக்கும் தெரியும். ஆனால் ஊதுபத்தி, சாம்பிராணி என்று புகை போட்டு வைத்தாலும் வருகிறவருக்குச் சந்தேகம் வரும். சன்னல்களை ஏழு மணிக்கே திறந்து வைத்தால் போதும். வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டோம். பூஜையறை விளக்கு எரியட்டும் என்றார் என் மனைவி. குழந்தைகள் ஓடி விளையாடும் என்பதால் பத்து மணிக்கு முன்பே மலையேற்றிவிட்டோம்.

நகை, காசோலைப் புத்தகம், அடையாள அட்டைகள், மடிக்கணினி எல்லாம் முதல் நாளே உறவினர் வீட்டுக்கோ வங்கிப் பெட்டகத்துக்கோ போக வேண்டும். கதவுப் பக்கத்து ஆணியில் மாற்றுச் சாவி தொங்குகிறதா பாருங்கள்; எல்லோரும் மறப்பது அதைத்தான். பீரோவைப் பூட்டிவிடுங்கள். சமையலறை அலமாரிகளைப் பூட்டாதீர்கள். அவற்றைத் திறந்து பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அன்று காலை

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் கதவருகில் நோட்டுப் புத்தகத்தோடு: பெயர், கைபேசி எண், வந்த நேரம். ஒருவர் உள்ளே. இன்னொருவர் கீழே, வண்டி நிறுத்துமிடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்ட. செருப்பு வைக்க வெளியே ஒரு தாள் விரித்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் போதும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காபி என்று தொடங்கி, முதல் அரைமணி நேரம் என் மனைவி டிகாக்ஷனோடு சமையலறையில் மாட்டிக்கொண்டார். சமையலறையைப் பார்க்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உள்ளே இருப்பவருடைய வேலை பேசாமல் இருப்பது. "இது கூடம், இது படுக்கையறை" என்று காட்ட வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். கணவனும் மனைவியும் தனியாகப் பேச பால்கனியை விட்டுக்கொடுங்கள். அங்கே பேசுவதுதான் முடிவு.

அதிகம் கேட்கப்பட்டது எது தெரியுமா? பள்ளிக்கூடம் இல்லை, மெட்ரோ இல்லை. தண்ணீர். ஒரு கன்னடப் பெரியம்மா செருப்பைக் கழற்றுமுன் வாசலிலேயே "காவேரி நீரு பருத்தா?" என்றார். 2024 கோடையில் நகரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காக வளாகங்கள் காத்துக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தண்ணீர் என்று அறிவித்த பிறகும் கேள்வி நிற்கவில்லை. "வருகிறது" என்று வாயால் சொல்வது போதாது. குடிநீர் வாரியத்தின் கடைசி ஆறு ரசீதுகளையும், கோடையில் லாரித் தண்ணீருக்குச் சங்கம் செலவழித்த கணக்கையும் மேசைமேல் வைத்திருந்தோம். அந்தப் பெரியம்மா குளியலறைக் குழாயைத் திறந்து, கையை நீட்டி வேகம் பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். என் மாமியாரைக் கூடத்தில் உட்கார வைத்திருந்தேன். அவருக்கு வந்தவர்கள் எல்லோரும் விருந்தாளிகள். "ஏன் பாட்டி, நல்ல வீட்டை விற்கிறீர்கள்?" என்று ஒரு பெண் அன்பாகக் கேட்க, "மாப்பிள்ளை அடுத்த மாதமே கோயம்புத்தூர் போயாக வேண்டும் என்று தவிக்கிறார், பாவம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்தான் கடைசியில் வீட்டை வாங்கினார். 80 வரை வந்திருக்க வேண்டியவர் 78இல் நின்றுகொண்டார். மாமியாரின் அந்த ஒரு வாக்கியத்தின் விலை இரண்டு லட்சம் என்று நான் இன்னும் கணக்குச் சொல்வதுண்டு. என் மனைவிக்குப் பிடிக்காது.

"ஸ்வல்ப கம்மி மாடி சார்"

கொஞ்சம் குறையுங்கள் சார் என்று அர்த்தம். இதை எல்லோரும் சொல்வார்கள். எல்லா மொழியிலும் சொல்வார்கள். அங்கேயே, அப்போதே ஒரு எண்ணைக் கேட்பார்கள். நீங்கள் ஒருவரிடம் குறைத்த எண் கூடத்தைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் சொன்னது இது: "பிடித்திருந்தால் வீட்டில் கலந்து பேசிவிட்டு, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் உங்களால் முடிந்த தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். கடன் என்றால் எந்த வங்கி, முன்பணம் எவ்வளவு, பதிவு எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வியாழக்கிழமை எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்." இதையே பதினொரு முறை, சொல் மாறாமல் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் புதன்கிழமை ஐந்தே முக்காலுக்குத் தொகை அனுப்பினார்.

கையில் ஐயாயிரம் வைத்துக்கொண்டு "டோக்கனாக இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே நீட்டுகிறவரும் வருவார். வாங்காதீர்கள். அதை வாங்கிய கையால் இன்னொருவரிடம் பேச முடியாது.

வேறு சில விருந்தாளிகளும் உண்டு. வாங்குபவர் போல வந்து எல்லா அறையையும் படம் எடுத்தவர் தரகர் என்று, மறுநாள் அதே படங்கள் வேறொரு விலையில் இணையத்தில் வந்தபோது தெரிந்தது. படம் வேண்டும் என்பவருக்கு நீங்கள் எடுத்த படங்களை அனுப்புங்கள். இன்னொரு வகை, வராமலேயே வாங்குவார்கள்: தான் ராணுவத்தில் வேறு ஊரில் இருப்பதாகவும், படம் பார்த்தே பிடித்துவிட்டது என்றும், முன்பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லியும் அழைப்பு வரும். பணம் பெற எந்தக் குறியீட்டையும் நீங்கள் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண் போட வேண்டியதுமில்லை. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

"பாதி ரொக்கமாக வைத்துக்கொள்ளலாமே" என்பவருக்கு ஒரே பதில்: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு.

புதன்கிழமைக்குப் பிறகு

எங்களுக்கு மூன்று தொகைகள் வந்தன: 75, 78, 79. எழுபத்தொன்பதைச் சொன்னவர் முதலில் ஓசூரில் உள்ள தன் வீட்டை விற்க வேண்டும், விற்றால்தான் பணம். எழுபத்தெட்டைச் சொன்னவர் கையில் வங்கியின் முன் ஒப்புதல் கடிதம் இருந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்களுக்கும் சொன்னபடி வியாழக்கிழமையே மரியாதையாகப் பதில் சொல்லிவிடுங்கள்; முதல் ஆள் பின்வாங்கினால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஒப்புக்கொண்டவர் இன்னொரு முறை தனியாக வந்து பார்க்கட்டும். மழை பெய்கிற மாலையில் வரச் சொன்னால் இன்னும் நல்லது, பிறகு பேச்சு வராது. அதன்பின் வழக்கறிஞர் எழுதிய விற்பனை ஒப்பந்தம், வங்கி வழியாக முன்பணம், எந்தத் தேதிக்குள் பதிவு, யார் பின்வாங்கினால் என்ன ஆகும் என்ற விவரம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். இது இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கு. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம், முதலிலேயே ஆடிட்டரைப் பாருங்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் உள்நாட்டவர், லாபத்துக்குப் பணவீக்கச் சரிகட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், சரிகட்டலோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய வீடு என்றால் இரண்டையும் போட்டுப் பார்க்க ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

முன்பணம் வந்த அன்றே வாசல் பலகையைக் கழற்றுங்கள், எல்லாத் தளங்களிலும் விளம்பரத்தை நீக்குங்கள், காவலாளியிடம் கொடுத்த பட்டியலைத் திரும்ப வாங்குங்கள். நான் பலகையை மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது; குழந்தையும் குட்டியுமாக ஒரு குடும்பம், கையில் அளவு நாடாவோடு.